உழைத்த நாள்களின் கணக்கு

நுழையும்முன்

உழைத்தவருக்கு ஊதியம் உரியது என்பதை உலகம் நெடுங்காலத்திற்கு முன்பே ஏற்றுக்கொண்டது. உழைக்க ஆயத்தமாக இருந்தும் வேலை கிடைக்காத நாள்களில் ஒருவருடைய வாழ்க்கைக்கு யார் துணைநிற்பது என்னும் வினா, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் சட்டத்தின்முன் வந்தது. அவ்வினாவுக்குக் கிடைத்த விடைகளுள் முதன்மையானது வேலையிழப்புக் காப்பீடு. நெடுநாள் பார்த்த பணியிலிருந்து நீங்கி, வேறோர் இடத்தில் சில வாரங்கள் மட்டுமே வேலைசெய்து, அதனையும் இழந்து நிற்பவருக்கு இக்காப்பீடு உதவுமா? குறுகிய காலப் பணிகள் பெருகிவரும் இந்நாளில் இவ்வினாவின் விடையை அறிந்திருப்பது, பணி வாழ்க்கையில் நுழையவிருக்கும் ஒவ்வொருவருக்கும் இன்றியமையாதது.

காப்பீடும் உதவித்தொகையும்

வேலையற்றோருக்கு வழங்கப்படும் பண உதவி இருவகைப்படும். ஒன்று, அரசு தன் வரி வருவாயிலிருந்து வழங்கும் உதவித்தொகை. மற்றொன்று, வேலை பார்க்கும் காலத்தில் செலுத்தப்பட்ட சந்தாவிலிருந்து வழங்கப்படும் காப்பீட்டுத் தொகை.

தமிழ்நாட்டில் படித்த இளைஞர்களுக்கு வழங்கப்படும் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை முதல்வகையைச் சார்ந்தது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கல்வித் தகுதியைப் பதிவுசெய்து 5 ஆண்டுகள் காத்திருந்தும் வேலை கிடைக்காதவர், குடும்ப வருமானம், வயது ஆகிய வரம்புகளுக்கு உட்பட்டு இதனைப் பெறலாம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றவருக்கு மாதம் 400 ரூபாயும் பட்டதாரிக்கு 600 ரூபாயும் என இத்தொகை வரையறுக்கப்பட்டது. இதனைப் பெறுபவர் முன்பு வேலை பார்த்திருக்க வேண்டியதில்லை. அவர் வேலை தேடிப் பதிந்திருப்பதும் அவருடைய வறுமையுமே இங்குக் கருதப்படுகின்றன.

காப்பீட்டின் இயல்பு வேறு. தொழிலாளியும் அவருக்குப் பணியளிப்பவரும், சில நாடுகளில் அரசும், ஒரு பொது நிதியில் சிறு தொகையைத் தொடர்ந்து செலுத்துகின்றனர். வேலை இழக்கும்போது அந்நிதி தொழிலாளிக்குக் கைகொடுக்கிறது. இத்தொகையை எவருடைய இரக்கத்தாலும் அவர் பெறுவதில்லை. தம் உழைப்பின் பெயரால் முன்னரே சேர்த்துவைக்கப்பட்ட உரிமையாகவே பெறுகிறார். அதனாலேயே, எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்னும் கணக்கு இங்கு முதன்மை பெறுகிறது.

முத்திரை ஒட்டிய புத்தகம்

ஐரோப்பாவில் தொழிற்சங்கங்கள் தம் உறுப்பினர்களுக்கு வேலையில்லா நாள்களில் உதவிவந்தன. 1901ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் கென்ட் நகராட்சி, சங்கங்கள் வழங்கிய தொகையோடு தன் பங்கையும் சேர்த்து வழங்கத் தொடங்கியது. நாடு முழுவதற்கும் உரிய கட்டாயக் காப்பீடாக இதனை முதலில் சட்டமாக்கிய நாடு பிரிட்டன். 1911ஆம் ஆண்டின் தேசியக் காப்பீட்டுச் சட்டம், கட்டுமானம், கப்பல் கட்டுதல், இயந்திரப் பொறியியல், இரும்பு வார்ப்பு, வண்டி கட்டுதல், மரம் அறுத்தல் முதலிய தொழில்களில் ஈடுபட்டிருந்த ஏறத்தாழ 22.5 இலட்சம் தொழிலாளர்களைக் காப்பீட்டின்கீழ்க் கொண்டுவந்தது. இவை யாவும் பருவத்திற்கேற்ப வேலை கூடியும் குறைந்தும் வரும் தொழில்கள் என்பது கருதத்தக்கது. குறுகிய கால வேலை என்னும் இடரை எதிர்கொள்ளவே இக்காப்பீடு பிறந்தது எனலாம்.

வாரந்தோறும் தொழிலாளி இரண்டரைப் பென்னியும் பணியளிப்பவர் இரண்டரைப் பென்னியும் செலுத்தினர். அவ்விரண்டின் கூட்டுத்தொகையில் மூன்றில் ஒரு பங்கை அரசு வழங்கியது. செலுத்தியதற்கு அடையாளமாகத் தொழிலாளியின் புத்தகத்தில் முத்திரை ஒட்டப்பட்டது. வேலை இழந்தவருக்கு முதல் வாரம் காத்திருப்புக் காலம். அதன்பின் வாரத்திற்கு 7 ஷில்லிங் வீதம், ஓராண்டில் 15 வாரங்கள் வரை உதவி கிடைத்தது. 5 வாரச் சந்தாவிற்கு 1 வார உதவி என்பதே அளவுகோல்.

இவ்வளவுகோலின் நுட்பத்தை எண்ணிப்பார்க்க வேண்டும். ஒரு தொழிலாளி ஒரே முதலாளியிடம் 20 வாரம் உழைத்தாலும், நான்கு முதலாளிகளிடம் ஐந்தைந்து வாரம் உழைத்தாலும் புத்தகத்தில் ஒட்டப்படும் முத்திரைகள் இருபதே. முத்திரைப் புத்தகம் முதலாளிக்கு உரியதன்று, தொழிலாளிக்கு உரியது. அவர் இடம் மாறும்போது அதுவும் உடன் சென்றது. குறுகிய காலப் பணியாளரின் உரிமைக்கு இதுவே முதல் அடித்தளம்.

தகுதிக் காலம் ஏன்?

பொது நிதி நிலைத்து நிற்க வேண்டுமாயின், ஒருநாள் வேலைசெய்துவிட்டு மறுநாள் உதவி கோரும் நிலை தவிர்க்கப்பட வேண்டும். ஆகவே, உதவி பெறுவதற்குமுன் குறிப்பிட்ட அளவு வேலை பார்த்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு நாடும் விதித்தது. இதுவே தகுதிக் காலம் எனப்படும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1952ஆம் ஆண்டு உருவாக்கிய சமூகப் பாதுகாப்பு பற்றிய 102ஆம் உடன்படிக்கை, தகுதிக் காலத்தின் நோக்கத்தையும் எல்லையையும் வரையறுத்தது. முறைகேட்டைத் தடுக்கத் தேவையான அளவே அக்காலம் இருக்கலாம் என்பது அதன் நெறி.

தகுதிக் காலம் மிகக் குறைந்தால் நிதி தளரும். மிக நீண்டால், அடிக்கடி வேலை இழப்பவர் சந்தா செலுத்தியும் உதவி பெறாமற்போவார். காப்பீடு யாருக்கு மிகவும் தேவையோ அவருக்கே அது எட்டாக்கனியாகிவிடும். இவ்விரு எல்லைகளுக்கும் இடையே நடுநிலையைக் காணும் முயற்சியே வேலையிழப்புக் காப்பீட்டுச் சட்டங்களின் வரலாறு எனலாம்.

அடிப்படைக் காலம் என்னும் அளவுகோல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் விஸ்கான்சின் மாநிலம் 1932ஆம் ஆண்டு முதல் வேலையிழப்புக் காப்பீட்டுச் சட்டத்தை இயற்றியது. 1935 ஆகஸ்டு 14 அன்று கையொப்பமான சமூகப் பாதுகாப்புச் சட்டம் அதனை நாடு முழுவதும் பரவச் செய்தது. ஒவ்வொரு மாநிலமும் தன் விதிகளைத் தானே வகுத்துக்கொண்டது. ஆயினும், பெரும்பாலான மாநிலங்கள் ‘அடிப்படைக் காலம்’ என்னும் ஒரே அளவுகோலைக் கையாளுகின்றன.

விண்ணப்பிக்கும் நாளுக்குமுன் முடிந்த ஐந்து காலாண்டுகளை எடுத்துக்கொண்டு, அவற்றுள் முதல் நான்கில் ஈட்டிய ஊதியத்தைக் கூட்டுவதே இம்முறை. ஒரு சான்றால் இதனை விளக்கலாம். ஒரு கிடங்கில் இரண்டாண்டுகள் பணிபுரிந்த ஒருவர், 2024 மார்ச்சுத் தொடக்கத்தில் அதனை விட்டு, மாத நடுவில் வேறு நிறுவனத்தில் சேர்கிறார். ஆறு வாரத்தில், வேலை குறைந்துவிட்டது என்று கூறி அந்நிறுவனம் அவரை நிறுத்திவிடுகிறது. அவர் மே மாதத்தில் விண்ணப்பிக்கிறார். அவருக்குரிய அடிப்படைக் காலம் 2023 சனவரி முதல் திசம்பர் வரையாகும். ஆறு வார வேலையில் பெற்ற ஊதியம் இக்கணக்கில் சேராது. கிடங்கில் ஓராண்டு ஈட்டிய ஊதியம் முழுவதும் சேரும். கலிபோர்னியா மாநிலத்தில், அடிப்படைக் காலத்தின் ஏதேனும் ஒரு காலாண்டில் 1,300 டாலர் ஈட்டியிருப்பது ஊதியத் தகுதிக்குப் போதுமானது. ஆகவே, அவர் ஊதிய அடிப்படையில் தகுதி பெறுகிறார்.

ஆனால், அந்த ஆறு வார வேலை பொருளற்றதாகிவிடவில்லை. அது முடிந்த விதமே அடுத்த வினாவுக்கு விடையாகிறது. வேலை இல்லாமையால் நிறுத்தப்பட்டவர் உதவி பெறுவார். தக்க காரணமின்றித் தாமே விலகியவரும், தவறான நடத்தையால் நீக்கப்பட்டவரும் உதவியை இழப்பர். மேற்சொன்ன தொழிலாளி அந்த ஆறு வார வேலையைத் தாமே உதறியிருந்தால், கிடங்கில் ஈட்டிய ஓராண்டு ஊதியம் கணக்கில் இருந்தும் பயன்படாமற்போயிருக்கும். சில மாநிலங்கள் அதற்கு முந்தைய பணியிலிருந்து நீங்கிய காரணத்தையும் ஆராய்கின்றன. பழைய வேலை உதவித்தொகையின் அளவை உறுதிசெய்கிறது. இறுதியாகப் பார்த்த வேலை, அது எத்துணைச் சிறியதாயினும், அத்தொகை கிடைக்குமா என்பதை உறுதிசெய்கிறது.

முன்பு எவ்வேலையும் பாராது, முதன்முதலில் குறுகிய காலப் பணியில் சேர்ந்து அதனை இழந்தவருக்கு இவ்வளவுகோல் இடர் தருகிறது. அண்மைக் காலாண்டின் ஊதியம் விடுபடுவதே இதற்குக் காரணம். இக்குறையை நீக்க, கலிபோர்னியா உள்ளிட்ட பல மாநிலங்கள் அண்மையில் முடிந்த நான்கு காலாண்டுகளையும் கணக்கிடும் மாற்று அடிப்படைக் காலத்தை ஏற்றுக்கொண்டுள்ளன.

பணியின் இயல்புக்கேற்ற விதிகள்

ஊதியத்தைக் கூட்டுவதற்கு மாறாக, உழைத்த நேரத்தைக் கூட்டும் நாடுகளும் உண்டு. கனடாவில், வாழும் வட்டாரத்தின் வேலையின்மை வீதத்தைப் பொறுத்து 420 முதல் 700 மணி நேரம் வரை காப்பீட்டுக்குரிய வேலை பார்த்திருக்க வேண்டும் என்பது பொது விதி. வேலை அரிதாகக் கிடைக்கும் வட்டாரத்தில் குறைந்த மணி நேரமே போதும். வேலை கிடைக்காமை தொழிலாளியின் குற்றமன்று என்பதை இவ்விதி உணர்ந்து வகுக்கப்பட்டுள்ளது.

பிரான்சில் நாடகம், இசை, திரைப்படம் ஆகிய துறைகளின் கலைஞர்களும் தொழில்நுட்பப் பணியாளர்களும் தனி விதியின்கீழ் அமைகின்றனர். ஒரு நாடகத்திற்குச் சில நாள்கள், ஒரு படப்பிடிப்பிற்குச் சில வாரங்கள் என்று பிரிந்து கிடப்பது அவர்களின் வேலை. 12 மாதங்களில் 507 மணி நேரம் உழைத்திருந்தால் அவர்கள் உதவிக்கு உரியவராவர். செருமனியில் பொதுவாக 30 மாதங்களுக்குள் 12 மாதச் சந்தா தேவைப்படுகிறது. பெரும்பாலும் குறுகிய கால ஒப்பந்தங்களிலேயே பணிபுரிபவர்க்கு, சில வரையறைகளுக்கு உட்பட்டு, 6 மாதமே போதும் என்று அந்நாடு தளர்வு அளித்துள்ளது.

இந்தியாவில் வேலையிழப்புக் காப்பீடு

வேலையின்மை, முதுமை, நோய், உடல் ஊனம் ஆகிய நிலைகளில் குடிமக்கள் பொது உதவி பெறுவதற்கு, தன் பொருளாதார ஆற்றலுக்கு உட்பட்டு அரசு வழிவகை செய்ய வேண்டும் என்று இந்திய அரசமைப்பின் 41ஆம் உறுப்பு நெறிப்படுத்துகிறது. 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்து, 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் செயற்படத் தொடங்கிய தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டம், அதாவது மக்கள் வழக்கில் இ.எஸ்.ஐ., நோய், மகப்பேறு, பணியிடக் காயம் ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு அளித்தது. வேலையிழப்பு அதில் இடம்பெறவில்லை. 2005 ஏப்ரல் 1 முதல் ராஜீவ் காந்தி தொழிலாளர் நலத் திட்டமும், 2018 சூலை 1 முதல் அடல் காப்பீட்டாளர் நலத் திட்டமும் அக்குறையை நிரப்ப வந்தன.

அடல் திட்டத்தில் வேலை இழந்தவருக்கு அவருடைய சராசரி நாள் ஊதியத்தில் 25 விழுக்காடு, வாழ்நாளில் ஒருமுறை, 90 நாள்கள் வரை வழங்கப்பட்டது. இதனைப் பெற, முந்தைய இரண்டாண்டுகளிலும் காப்பீட்டுக்குரிய பணியில் இருந்திருக்க வேண்டும். அவ்விரண்டாண்டுகளில் அடங்கும் நான்கு சந்தாக் காலங்கள் ஒவ்வொன்றிலும் 78 நாள்களுக்குக் குறையாமல் சந்தா செலுத்தப்பட்டிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தாக் காலம்; அக்டோபர் முதல் மார்ச்சு வரை மற்றொன்று.

2020ஆம் ஆண்டு கொரோனா பெருந்தொற்றால் தொழிற்கூடங்கள் மூடப்பட்டபோது இவ்விதிகள் தளர்த்தப்பட்டன. உதவித்தொகை 50 விழுக்காடாக உயர்ந்தது. வேலை இழந்து 90 நாள்கள் கழித்தே கோரலாம் என்றிருந்தது 30 நாள்களாகக் குறைந்தது. இரண்டாண்டுப் பணி என்னும் விதி நீடித்தது. ஆனால், வேலையிழப்புக்கு உடனடியாக முந்தைய சந்தாக் காலத்தில் 78 நாள்களும், எஞ்சிய மூன்று காலங்களுள் ஏதேனும் ஒன்றில் 78 நாள்களும் சந்தா செலுத்தியிருந்தால் போதும் என்றாயிற்று. பழைய நிறுவனத்தின் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும் என்னும் நிலையும் மாறித் தொழிலாளி நேரடியாகக் கிளை அலுவலகத்தில் விண்ணப்பிக்க வழி பிறந்தது. மூடிக்கிடக்கும் ஆலையின் வாயிலில் கையொப்பத்திற்காகக் காத்திருக்கும் துயரை இம்மாற்றம் தவிர்த்தது.

இத்தளர்ந்த விதியைக் கொண்டு ஒரு கணக்கைப் பார்க்கலாம். கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையில் மூன்றாண்டுகள் பணிபுரிந்தவர், திசம்பர் இறுதியில் ஆலை மூடப்பட்டதால் வேலை இழக்கிறார். அக்டோபர் முதல் திசம்பர் வரை அவருக்கு 70 நாள் சந்தா செலுத்தப்பட்டுள்ளது. பிப்ரவரியில் திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் சேர்ந்து 40 நாள் உழைக்கிறார். ஏற்றுமதிக்கான ஆணை முடிந்ததும், மார்ச்சு இறுதியில் அந்நிறுவனம் ஆள்களைக் குறைக்கிறது. அச்சந்தாக் காலத்தில் நூற்பாலையின் 70 நாள் தனித்து நின்றால் 78ஐ எட்டாது. பின்னலாடை நிறுவனத்தின் 40 நாளும் எட்டாது. இரண்டும் ஒரே காப்பீட்டு எண்ணில் சேரும்போது 110 நாள்களாகின்றன, தகுதி கைகூடுகிறது. முந்தைய காலங்களில் அவர் தொடர்ந்து நூற்பாலையில் பணிபுரிந்ததால் இரண்டாம் நிபந்தனையும் நிறைவேறுகிறது. அவருடைய சராசரி நாள் ஊதியம் 500 ரூபாயாயின், நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 90 நாளுக்கு 22,500 ரூபாய் கிடைக்கும். நாற்பது நாள் வேலைதானே என்று அவர் அதனைக் கணக்கிலேயே எடுக்காமல் விட்டிருந்தால், அவ்வளவு தொகையையும் இழந்திருப்பார்.

சேரும் நாள்களும் சிதறும் நாள்களும்

மேற்கண்ட கணக்கு ஓர் உண்மையைப் பொறுத்தே நிற்கிறது. இரு நிறுவனங்களும் ஒரே காப்பீட்டு எண்ணில் சந்தா செலுத்தியிருக்க வேண்டும் என்பதே அவ்வுண்மை. புதிய நிறுவனத்தில் சேரும் தொழிலாளி தம் பழைய எண்ணைத் தெரிவிக்காவிடில் வேறோர் எண் வழங்கப்பட நேரிடும். அப்போது அவருடைய நாள்கள் இரு கணக்குகளாகச் சிதறும். புதிய நிறுவனம் அவரைப் பதிவே செய்யாமல், கையில் கூலி கொடுத்து அனுப்பிவிடுமாயின், அந்நாள்கள் எக்கணக்கிலும் இடம்பெறா.

2019 சூலை முதல் நடைமுறைக்கு வந்த வீதத்தின்படி, ஊதியத்தில் 0.75 விழுக்காட்டைத் தொழிலாளியும் 3.25 விழுக்காட்டைப் பணியளிப்பவரும் செலுத்துகின்றனர். மாதம் 13,000 ரூபாய் ஊதியம் பெறுபவர் தரும் பங்கு 97 ரூபாய் 50 காசு. அவருக்காக நிறுவனம் தரும் பங்கு 422 ரூபாய் 50 காசு. பதிவு செய்யாமல் விடுவதால் மிச்சமாவது பணியளிப்பவரின் பெரும்பங்கு; இழப்பு தொழிலாளியுடையது.

ஆகவே, எத்துணைக் குறுகிய பணியாயினும் சில ஆவணங்களைப் பேணுதல் நன்று. பணி நியமன ஆணை, மாத ஊதியச் சீட்டு, காப்பீட்டு எண், பணி முடிந்த நாளையும் காரணத்தையும் குறிக்கும் கடிதம் ஆகியன அவற்றுள் முதன்மையானவை. இறுதியாகக் கூறப்பட்ட கடிதம் தனிக் கவனத்திற்குரியது. நிறுவனமே ஆள்களைக் குறைக்கும்போதும், ‘சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்’ என்று எழுதித் தருமாறு தொழிலாளியைக் கேட்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. சடங்காகக் கருதி இடப்படும் அக்கையொப்பம், ஆட்குறைப்பைத் தன்விருப்ப விலகலாக மாற்றிவிடும். தன்விருப்பத்தால் விலகியவருக்கும் ஒழுங்கு நடவடிக்கையால் நீக்கப்பட்டவருக்கும் வேலையிழப்பு உதவி இல்லை.

வாயிலுக்கு வெளியே நிற்போர்

இந்தியக் காப்பீட்டின் எல்லையையும் உணர்தல் வேண்டும். பள்ளிப் படிப்பை முடித்து, ஒரு நிறுவனத்தில் எட்டு மாதம் பணிபுரிந்து வேலை இழக்கும் இளைஞருக்கு, இரண்டாண்டு விதியால் வேலையிழப்பு உதவி கிட்டாது. எனினும், அவர் செலுத்திய சந்தா வீணாவதில்லை. காப்பீட்டில் சேர்ந்த நாள் முதல் மருத்துவ உதவி உண்டு. ஒரு சந்தாக் காலத்தில் 78 நாள் நிறைந்தால், அதற்குரிய பயன்காலத்தில் நோய்க்கால உதவியும் உண்டு. வேலையிழப்பு உதவிக்கான நாள்களும் அவர் கணக்கில் சேர்ந்துகொண்டேயிருக்கும்.

பத்துப் பேருக்குக் குறைவாக வேலைசெய்யும் சிறு கடைகள், கட்டுமானத்திற்கு நாள்தோறும் ஆள் சேர்க்கும் இடங்கள், வீட்டு வேலை, வேளாண் கூலி ஆகியவற்றில் உழைக்கும் பெருந்திரளானோர் இக்காப்பீட்டின் வாயிலை எட்டாமலேயே நிற்கின்றனர். பிரிட்டன் 1911இல் பருவத்திற்குப் பருவம் வேலை மாறும் தொழிலாளரிடமிருந்தே காப்பீட்டைத் தொடங்கியது. அத்தகையோரை இந்தியக் காப்பீடு உள்ளடக்குவது இனி ஆற்ற வேண்டிய பணியாக உள்ளது.

சிறுதுளி பெருவெள்ளம் என்பது சேமிப்புக்கு மட்டும் உரிய மொழியன்று. உழைத்த நாள்களுக்கும் அது பொருந்தும். நாற்பது நாள் வேலையும் ஆறு வார வேலையும் பதிவேட்டில் ஏறினால், முன்பு உழைத்த நாள்களோடு சேர்ந்து உரிமையாக உருப்பெறுகின்றன. பதிவேட்டில் ஏறாவிடில், உழைத்தவரின் நினைவில் மட்டுமே எஞ்சுகின்றன. முதல் வேலையில் சேரும் நாளிலேயே காப்பீட்டு எண்ணைக் கேட்டுப் பெறுவதும், அடுத்த வேலையில் சேரும்போது அதே எண்ணைத் தருவதும், வேலை முடியும்போது உண்மைக் காரணத்தை எழுத்தில் பெறுவதும் உழைப்பவர் ஒவ்வொருவரும் கைக்கொள்ள வேண்டிய நெறிகளாகும்.